தெனாவரை நாயினாருக்குப் பொன் கொடுத்த சீனத் தளபதி

நாகைக்கு வடக்கே, கடலோரத்தில் மூன்றடுக்குச் செங்கல் கோபுரம் ஒன்று நின்றது. புதுவெளிக் கோபுரம் என்றும் சீனக் கோபுரம் என்றும் அதற்குப் பெயர்கள். கடலில் வருகிறவர்களுக்கு அதுவே கரையின் அடையாளம். 1846-இல் நேரில் பார்த்த வால்டர் எலியட், சாந்தே இல்லாமல் செங்கற்கள் இடைவெளியின்றிப் பொருத்தப்பட்டிருந்ததாக எழுதுகிறார். 1267-இல் வேலை முடிந்ததாகச் சீன எழுத்துப் பொறித்த கோபுரம் ஒன்றை 14-ஆம் நூற்றாண்டுச் சீனப் பயணி வாங் தாயுவான் குறிப்பிடுகிறார். அது இதுதான் என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. அந்தக் கோபுரத்தை 1867-இல் சென்னை அரசின் அனுமதியோடு இடித்துத் தள்ளினார்கள்.

நாகையில் சீனர் வைத்த சாட்சி போய்விட்டது. இலங்கையில் ஒரு சீனத் தளபதி தமிழில் வைத்த சாட்சி பிழைத்திருக்கிறது. அவர் செங் ஹோ. யுன்னான் நாட்டு முஸ்லிம் குடும்பத்தில் 1371-இல் பிறந்தவர். 1405 முதல் 1433 வரை ஏழு முறை பெருங்கப்பற்படையோடு இந்தியப் பெருங்கடலுக்கு வந்தவர்.

1911-இல் காலி நகரில் கிடைத்த அவருடைய கல்வெட்டு இன்று கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1409-ஆம் ஆண்டு நாளிட்ட அந்தப் பலகையில் மூன்று மொழிகள். சீனப் பகுதி புத்தருக்கும், பாரசீகப் பகுதி இஸ்லாமுக்கும், தமிழ்ப் பகுதி தெனாவரை நாயினார் என்ற திருமாலுக்கும் காணிக்கை சொல்கிறது. சீனப் பகுதியின் கணக்கு 1000 பொன், 5000 வெள்ளி, பட்டு, வாசனை எண்ணெய் என்று நீள்கிறது. மூவருக்கும் ஏறக்குறைய ஒரே அளவு. கல்லை நான்ஜிங்கிலேயே செதுக்கிக் கப்பலில் ஏற்றி வந்தார்கள். புறப்படும் முன்பே தமிழ் வேண்டும் என்று தெரிந்திருந்தது; இந்தக் கடலின் வணிகம் அப்போது தமிழில் பேசியது.

அவர் அருளாளர் மட்டுமல்லர். 1411-இல் இலங்கையில் போரிட்டு, அங்கே ஆட்சி செலுத்திய அழகக்கோனார் மரபினனைச் சிறைபிடித்துச் சீனாவுக்குக் கொண்டுபோனவரும் அவரே.

நான்ஜிங்கின் நியூஷௌ மலையில் 1985-இல் புதுப்பித்த அவருடைய கல்லறை உண்டு. ஏழு பயணங்களின் நினைவாக, ஏழேழாக 28 படிகள். மேலே அரபு எழுத்து. உடல் கடலிலேயே அடக்கமானது என்பது பலர் நம்பிக்கை. ஜாவாவின் செமாராங்கிலோ அவர் தெய்வம். சாம் போ கோங் என்று பெயர் சொல்லி ஊதுவத்தி ஏற்றுகிறார்கள். பழைய நங்கூரம் ஒன்றுக்கும் வழிபாடு உண்டு. ஜாவா முஸ்லிம்களும் வந்து வணங்குகிறார்கள்.

அயல் நாட்டில் அந்தத் தளபதிக்குக் கோயில் நிற்கிறது. நம் கரையில் சீனக் கோபுரத்தைக் காக்க ஆளில்லாமல் போனது. நாகைப் பிள்ளைகளுக்கு இந்த இரண்டு கதைகளையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1281-இல் சீனத்துச் சுவான்சௌ துறைமுகத்தில் தமிழர் தமிழிலேயே கல்வெட்டுப் பொறித்து எழுப்பிய சிவன் கோயிலை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)