பெயர்முன் நில்லா விருது

பழந்தமிழ் வேந்தர் ஏனாதிப் பட்டத்தோடு மோதிரமும் அளித்தனர். ஏனாதி திருக்கிள்ளி எனப் பட்டம் பெயரோடு ஒன்றியது. இந்தியக் குடியரசோ மணியை ஈந்து, பட்டத்தை விலக்கியது. இராவ்பகதூர், திவான்பகதூர் முதலியன தந்த கசப்பை அறிந்தோர்க்கு இது வியப்பன்று. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 18-ஆம் உறுப்பு, படை, கல்விச் சிறப்புகள் நீங்கலாக, அரசு பட்டம் வழங்குவதைத் தடுத்தது.

ஆயினும் 1954 சனவரி 2-இல் பாரத ரத்னா விருது நிறுவப்பெற்றது. இராசாசி, இராதாகிருட்டிணன், சி.வி.இராமன் ஆகிய மூவர் அவ்வாண்டே பெற்றனர். மூவரும் தமிழ் மண்ணில் பிறந்தோர். மறு ஆண்டு பதக்கம் அரசிலை வடிவுற்றது.

‘இதுவும் பட்டமே’ என்னும் ஐயம் மட்டும் தீரவில்லை. 1977-இல் மொரார்சி தேசாய் அரசு விருதை நிறுத்தியது. 1980-இல் அது மீண்டது. 1995-இல் உச்சநீதிமன்றம், இது பட்டமன்று என்றது. ஆனால் பெயரின் முன்னோ பின்னோ இட்டுக்கொண்டால் விருதை இழக்க நேரும் என்றும் கூறியது. பட்டமின்றி எவரையும் விளிக்கத் தயங்கும் தமிழ் மேடைகள் இத்தீர்ப்பை ஒருமுறை படித்தல் நன்று.

தொடக்க விதியிலேயே கலை, அறிவியலோடு இலக்கியமும் இடம்பெற்றிருந்தது. எனினும் கவிதைக்கென்றே இவ்விருது பெற்றவர் 2024 வரை ஒருவரும் இலர்.