பேட்மேன் கதைகளில் இருளும் கொலையும்

சூப்பர் ஹீரோ என்று மேலைநாட்டார் வழங்கும் அருந்திறல் வீரனைப் பற்றிய திரைப்படம் எத்துணை இருள் உடையதாகலாம், எத்துணை வன்செயலைக் காட்டலாம் என்னும் வினா முதற்கண் படக்கதையில் தோன்றிப் பின்னர்த் திரைப்படத்திற்குப் பரவியது. விடை கூறினோர் பலரும் 'இவ்வளவு' என ஓர் எல்லையைக் குறித்தனர். அவ்வெல்லையை எதனைக் கொண்டு அளந்தனர் என்பதே ஈண்டு ஆராயத்தக்கது. வீரர் அனைவரையும் எடுத்துக்கொள்ளின் கட்டுரை மிக விரியும். ஆகலின், இவ்வழக்கின் தொடக்கமுதல் இன்றுவரை இடையறாது நிற்கும் பேட்மேன் கதையையே பெரும்பான்மையும் நோக்குவாம்.

பேட்மேன் முதன்முதல் தோன்றியது 1939 மே மாதம் வெளிவந்த 'டிடெக்டிவ் காமிக்ஸ்' 27ஆம் இதழில் ஆகும். ஓவியர் பாப் கேன். கதை புனைந்தவர் பில் ஃபிங்கர். (ஃபிங்கரின் பெயர் படைப்பாளர் என்னும் நிலையில் முறையாகக் குறிக்கப்பெற 2015 வரை ஆயிற்று. அது தனியே எழுதத்தக்க வரலாறு.) அம்முதற் கதையிலேயே பேட்மேனின் குத்துப்பட்ட குற்றவாளி ஒருவன் அமிலத் தொட்டியுள் வீழ்ந்து மடிகின்றான், இத்தகையோர்க்கு இம்முடிவு பொருந்தும் என்னும் கருத்துப்படப் பேசி வீரன் அகல்கின்றான். இரக்கமோ தயக்கமோ அவன்பால் இல்லை. பெற்றோர் தன் கண்முன்னே சுட்டுக் கொல்லப்பட்டமையால் அவன் இவ்வாழ்க்கையை மேற்கொண்டான் என்னும் செய்தி அவ்வாண்டு நவம்பர் மாதத்து 33ஆம் இதழிலேதான் சொல்லப்படுகின்றது. கொலை முன்னர் வந்தது, கொலைக்குரிய துயரம் பின்னர் வந்தது என்க.

1940இல் 'பேட்மேன்' என்னும் பெயரிலேயே தனி இதழ் தொடங்கிற்று. அதன் முதல் இதழில், வானூர்தியிற் பொருத்திய இயந்திரத் துப்பாக்கியால் வீரன் ஒரு வண்டியைச் சுடுகின்றான். அரக்க உருவினன் ஒருவனைக் கயிற்றாற் பிணித்து வானில் தொங்கவிட்டுக் கொல்கின்றான். உயிர்க்கொலை தனக்கு உவப்பன்று, ஆயினும் இப்போது வேறு வழியில்லை என்னும் பொருள்பட அவன் ஒரு சொல் சொல்கின்றான். ஓராண்டிற்குள் நிகழ்ந்த மாற்றம் இது. ஆயினும், பதிப்பாசிரியர் விட்னி எல்ஸ்வொர்த் இதனைப் போதாதெனக் கருதினார். வீரன் இனிக் கொலை செய்தலும் துப்பாக்கி ஏந்துதலும் கூடா என விதித்தார். அதே இதழில் தோன்றிய ஜோக்கர், தன் கத்தி தன் மார்பிலேயே பாய்ந்து இறப்பதாகவே கதை முதலில் அமைந்திருந்தது. அத்தகைய பகைவனை இழத்தல் கூடாதென்று எண்ணிய எல்ஸ்வொர்த், அவன் பிழைத்தான் என்பதைக் காட்டும் கட்டம் ஒன்றை இறுதியிற் சேர்ப்பித்தார்.

இவ்விரு செயல்களின் விளைவை எல்ஸ்வொர்த் எதிர்பார்த்திருத்தல் அரிது. வீரன் கொல்லான், பகைவன் சாகான். எனவே பகைவன் மீண்டும் மீண்டும் வருவான். வருந்தோறும் பிறரைக் கொல்வான். குழந்தைகளின் பொருட்டு வகுத்த விதி, 'கொல்லாமையால் விளையும் கொலைக்குப் பொறுப்பாளி யார்?' என்னும் வினாவைக் கதையினுள் விதைத்துவிட்டது. பிற்காலத்தில் இக்கதையிற் புகுந்த இருள் யாவும் இவ்வினாவினின்றே கிளைத்தது என்பது என் துணிபு.

1954இல் வழக்கு நாட்டளவினதாயிற்று. உளநோய் மருத்துவர் ஃபிரெட்ரிக் வெர்த்தம் அவ்வாண்டு வெளியிட்ட நூலில், குற்றப் படக்கதைகள் சிறுவர் ஒழுக்கத்தைக் கெடுப்பன என வாதிட்டார். செனட் அவையின் துணைக்குழு நியூயார்க்கில் விசாரணை நடத்திற்று. அஞ்சிய பதிப்பாளர்கள் தாமே ஒரு தணிக்கை நெறியை வகுத்துக்கொண்டனர். நன்மை எக்காலும் வெல்லுதல் வேண்டும். குற்றவாளியின்பால் பரிவு தோன்றலாகாது. தலைப்பில் 'திகில்' என்னும் சொல் வரலாகாது. குருதி குடிக்கும் பேய்க்கு இடமில்லை. வெர்த்தம் கேட்டது இதுவன்று. பதினைந்து வயதிற்குட்பட்டார்க்கு இவற்றை விற்றலைச் சட்டத்தால் தடுக்கவேண்டும் என்பதே அவர் கோரிக்கை. விற்பனை குறைவதினும் கதை சிதைவதே பதிப்பாளர்க்கு ஏற்புடைத்தாயிற்றுப் போலும்! அவர் காட்டிய சான்றுகள் பல திரிக்கப்பட்டவை என்பதை, அவர்தம் கையெழுத்துத் தாள்களை ஆராய்ந்த கரோல் டில்லி 2012இல் எடுத்துக்காட்டினார்.

இதன்பின் வந்த முப்பது ஆண்டுகளை விரைந்து கடக்கலாம். 1966முதல் 1968வரை நிகழ்ந்த தொலைக்காட்சித் தொடர் வீரனை நகைச்சுவைப் பொருளாக்கிற்று. 1970க்குப் பின் டென்னிஸ் ஓ'நீலும் நீல் ஆடம்சும் அவனை மீண்டும் இரவிற்குள் அழைத்துச் சென்றனர். 1986இல் ஃபிராங்க் மில்லர் அவனை முதுமையும் சினமும் மிக்கவனாகப் படைத்தார். 1988இல் நிகழ்ந்த ஒன்றைமட்டும் சொல்லாது விடுதல் இயலாது. ஜோக்கரால் தாக்குண்ட ராபின், அஃதாவது ஜேசன் டாட் என்னும் இளைஞன், வாழ்வதா சாவதா என்பதைத் தொலைபேசி வாயிலாக முடிவு செய்யுமாறு வாசகரையே பதிப்பகத்தார் கேட்டனர். சாகட்டும் என்றோர் 5,343; வாழட்டும் என்றோர் 5,271. எழுபத்திரண்டு வாக்கில் ஒரு பாத்திரம் கொல்லப்பட்டது. ஆசிரியரே இருளைத் திணிக்கின்றனர் எனக் கூறுவோர் இக்கணக்கையும் எண்ணிப் பார்த்தல் நன்று.

இனித் திரைப்படத்திற்கு வருவாம். அமெரிக்கத் தரப்பகுப்பில் பி.ஜி.-13 என்னும் பிரிவு 1984இல் ஏற்பட்டது. 1989இல் டிம் பர்ட்டன் இயக்கிய 'பேட்மேன்' அப்பிரிவைப் பெற்றது. இங்கிலாந்திலோ பொருந்தும் பிரிவே இல்லை. '12' என்னும் புதுப்பிரிவு அவ்வாண்டு தோன்ற, அதனை முதலிற் பெற்ற படம் இதுவே. 2002இல் 'ஸ்பைடர்மேன்' அப்பிரிவில் அடைக்கப்பட்டபோது, சிறுவர் காண இயலாமை கண்டு ஊராட்சி மன்றங்கள் சில தாமே தடையைத் தளர்த்தின. அவ்வாண்டு ஆகஸ்டில், பெரியோர் துணையுடன் இளையோரும் புகலாம் என்னும் '12ஏ' பிரிவு வந்தது. ஒரு நாட்டின் தணிக்கை முறையையே அருந்திறல் வீரர் இருமுறை அசைத்துள்ளனர்.

1992இல் வந்த 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்' பெற்றோரின் கண்டனத்திற்கு உள்ளாயிற்று. மெக்டொனால்ட்ஸ் உணவகங்கள் சிறுவர் உணவுடன் அப்படத்தின் பொம்மைகளை வழங்கியமையால் எதிர்ப்பு மிகுந்தது. 1989ஆம் ஆண்டுப் படம் உலகெங்கும் ஈட்டியது ஏறத்தாழ 41 கோடி டாலர். இது ஈட்டியதோ ஏறத்தாழ 26 கோடி. அடுத்த இரு படங்களை ஜோயல் ஷூமாக்கர் ஒளியும் வண்ணமும் மிக்கனவாக ஆக்கினார். அவற்றுள் 1997இல் வந்தது பெரிதும் எள்ளப்பட்டு, எட்டாண்டுகள் பேட்மேன் படமே வாராதொழிந்தது. இருளும் வணிகத்தைக் கெடுத்தது, ஒளியும் கெடுத்தது.

பர்ட்டனின் இரண்டாம் படத்தில் ஒரு காட்சி உண்டு. வெடிகுண்டை ஒரு முரடன்மேற் பொருத்திவிட்டு வீரன் புன்முறுவல் செய்கின்றான். குருதி தெறிப்பதைக் காட்டாமையால் அது கொடுமையாகத் தோன்றாது. என் கருத்தில் அப்படத்தின் இருளெல்லாம் அச்சிரிப்பிலேதான் உள்ளது. தரப்பகுப்போர் அளக்கும் கோலுக்கு அஃது எட்டுவதில்லை. நம் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அச்சத்தின் அளவைக் கூறாது, அணங்கு, விலங்கு, கள்வர், இறை என அது பிறக்கும் நிலைக்களத்தையே கூறினார், வெகுளிக்கும் அவ்வாறே. அளவினும் பிறப்பிடத்தை நோக்கும் அம்முறை இவ்வாராய்ச்சிக்குப் பெரிதும் உதவுகின்றது.

ஜோக்கரின் வீழ்ச்சியை ஒப்பிட்டால் இது விளங்கும். 1940இல் பதிப்பாசிரியரின் ஆணையால் அவன் பிழைத்தான். 1989இல் அவன் காலைக் கற்சிலையோடு பேட்மேன் பிணித்துவிட, வீழ்ந்து இறந்தான். 2008இல் கிறிஸ்டோபர் நோலனின் 'தி டார்க் நைட்' படத்தில், வீழும் அவனைப் பேட்மேனே கயிறெறிந்து மேலே இழுக்கின்றான். எல்ஸ்வொர்த் வணிகம் கருதி முடிந்த முடிச்சு, 68 ஆண்டுகளுக்குப் பின் வீரனின் அறமாகவும் அவன் தண்டனையாகவும் மாறிவிட்டது. காதலித்தாளை இழந்த பின்னும் அவன் பகைவனைக் கொல்லாது விடுகின்றான். பர்ட்டனின் படத்தினும் இப்படம் இருண்டது. ஆயினும் இதன் இருள் கொலையைப் பொருட்படுத்துவதனால் வந்த இருள். இங்கிலாந்தில் இதற்கு 12ஏ அளித்தமை தவறு என முறையிட்டோர் 300க்கும் மேற்பட்டோர். குருதி மிகுதியாகக் காட்டப்படவில்லை, கதை கற்பனை உலகினது என்பன தணிக்கை வாரியத்தின் விடைகள். பத்து வயதுக் குழந்தைக்கு இப்படம் உரியதன்று என்பதில் முறையிட்டோரோடு யானும் உடன்படுவேன். ஆனால் குருதியின் அளவே வழக்கின் பொருளானது இருசாரார்க்கும் இழுக்கு.

இவ்வளவுகோல் விளைத்த தீங்கைப் பிற படங்களிற் காணலாம். 2013இல் வந்த 'மேன் ஆஃப் ஸ்டீல்' படத்தில் ஒரு பெருநகரின் நடுப்பகுதி இடிந்து தூளாகின்றது. மாண்டோர் முகம் நமக்குத் தெரிவதில்லை. அது பி.ஜி.-13. 2017இல் வந்த 'லோகன்' படத்தில் கொலையின் கறை கொன்றவனை விட்டு நீங்காது என்பதே உட்பொருள். அதற்கு, பதினேழு வயதிற்குட்பட்டோர் பெரியோர் துணையின்றிக் காணலாகாத 'ஆர்' பிரிவு. அதன்கண் நகம் உடலைத் துளைக்கும் காட்சிகள் மெய்யாகவே கொடியன. அத்தடையை முறையற்றதெனக் கூறேன். ஆயினும், குருதியை மறைத்துவிட்டால் கொலையை எத்துணையும் பெருக்கலாம் என்பதைப் படம் எடுப்போர் இவ்விரு தீர்ப்புகளினின்றும் கற்றுக்கொள்வர் அன்றோ?

2022இல் மாட் ரீவ்ஸ் இயக்கிய 'தி பேட்மேன்' அமெரிக்காவில் பி.ஜி.-13 எனவும் இங்கிலாந்தில் 15 எனவும் பகுக்கப்பட்டது. ஒரே படத்தின் இருள் கடல் கடந்தவுடன் ஈராண்டு கூடிற்று! தொடக்கத்தில் வீரன் தன்னைப் பழியின் வடிவமென்று கூறிக்கொள்கின்றான். இறுதியில், மக்களைச் சுட வந்த கொலைஞன் ஒருவன் அதே சொல்லைத் தனக்குச் சூட்டிக்கொள்ளக் கேட்டு வாயடைத்து நிற்கின்றான். பின்னர் வெள்ளத்துள் இறங்கி, கையில் சுடரேந்தி, இடிபாட்டிற் சிக்கியோர்க்குக் கை நீட்டுகின்றான். அவர்கள் அஞ்சித் தயங்குகின்றனர். அக்கையை முதலிற் பற்றுபவன், தந்தையைக் கொலைஞனுக்குப் பறிகொடுத்த சிறுவன் ஒருவன்.