கைப்பக்குவத்தை ஏட்டில் ஏற்றிய அம்மையார்

புளி எலுமிச்சம்பழ அளவு. பெருங்காயம் ஒரு சிட்டிகை. உப்பு உன் திட்டத்துக்கு. நம் பாட்டிமார் சமையல் கற்பித்த முறை இதுவே. அடுப்பங்கரையில் உடன் நின்று பார்த்துக் கற்போருக்கு இது போதும். ஆனால், கணவரின் உத்தியோகத்தை முன்னிட்டுத் தில்லிக்கோ கல்கத்தாவுக்கோ குடிபோன இளம்பெண்ணுக்கு அருகில் பாட்டி ஏது? கடிதம் ஒன்றே அவளுக்குத் துணை.

அத்தகைய கடிதங்களை எழுதி எழுதி, முடிவில் ஒரு நூலையே உருவாக்கியவர் எஸ். மீனாட்சி அம்மாள். இளவயதிலேயே கணவரை இழந்து குடும்பப் பொறுப்பை ஏற்ற அவ்வம்மையார் சமையலில் கைதேர்ந்தவர். உறவினர் பலரும் அவரிடம் செய்முறை கேட்ட வண்ணம் இருந்தனர். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எழுதுவதினும் நூலாக வெளியிடுவதே நன்று என்று அவருடைய உறவினரான கே. வி. கிருஷ்ணசாமி ஐயர் ஊக்குவித்தார். அதன் பயனாக 1951-இல் ‘சமைத்துப் பார்’ வெளிவந்தது. நாளடைவில் அது மூன்று பாகங்களாக விரிந்தது.

அதற்கு முன்னரும் தமிழில் பாகசாஸ்திர நூல்கள் அச்சேறியதுண்டு. எனினும், ஒன்றுமறியாதவர் கையில் கரண்டியைக் கொடுத்து, படிப்படியாக நடத்திச் செல்லும் பொறுமை இந்நூலின் தனிச்சிறப்பு. குழம்பு, ரசம், கூட்டு முதலிய அன்றாடச் சமையலுக்கும் அதில் அளவு உண்டு, வரிசை உண்டு. திருமணமாகிச் செல்லும் பெண்ணுக்குச் சீரோடு சீராக இந்நூலையும் கொடுத்தனுப்புவது பல குடும்பங்களில் வழக்கமாயிற்று. பின்னர் அது ஆங்கிலத்திலும் வெளியாயிற்று.

அளவு என்றால் அந்நாளில் ஆழாக்கு, பலம், வீசை. 40 பலம் கொண்டது ஒரு வீசை. வடநாட்டுக் கடைகளிலோ சேர்க்கணக்கு. பலத்தைச் சேராக்கிப் பார்த்தே அங்குள்ள தமிழ்ப்பெண் பருப்பு வாங்க வேண்டியிருந்தது. 1956-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி மெட்ரிக் அளவைகள் படிப்படியாக நடைமுறைக்கு வந்த பின்னரே நாடெங்கும் ஒரே அளவை நிலைபெற்றது. அம்மையார் 1962-இல் மறைந்தார். நூலின் பிற்பதிப்புகள் புதிய அளவைகளுக்கு ஏற்பத் திருத்தப்பெற்றன.

தமிழர் சமையல் முழுவதும் இந்நூலில் அடங்கிவிட்டது எனக் கொள்ளுதல் பொருந்தாது. அது தமிழ்ப் பிராமணர் இல்லத்துச் சைவச் சமையல். செட்டிநாட்டின் மணமும், கொங்குநாட்டின் எளிமையும், நெல்லைக் கடற்கரையின் மீன்குழம்பும் அதன் எல்லைக்கு அப்பாற்பட்டவை. ஆயினும், வீட்டுப் பெண்ணின் கைப்பழக்கமும் ஓர் அறிவே, அதுவும் எழுதிவைக்கத் தக்கதே என்பதை அந்நூல் நிலைநாட்டிற்று.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு அப்பணியின் அருமை நன்கு விளங்குகிறது. ‘பதம்’ என்னும் ஒரு சொல்லைப் பிறமொழியில் பெயர்க்க நான் இடர்ப்பட்டதுண்டு. அம்மையாரோ கண்ணும் மூக்கும் விரலும் அறிந்ததையே சொல்லாகப் பெயர்த்தார். என் தாயாரின் வற்றல்குழம்புக்கு எந்த ஏட்டிலும் அளவில்லை. அவர் இருந்தவரை கேட்டெழுத எனக்குத் தோன்றவில்லை. இன்று எத்தனை முறை முயன்றும் அச்சுவை கைகூடவில்லை.

நேயர்களே, விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது ஒரு குறிப்பேட்டையும் உடன் கொண்டுசெல்லுங்கள். அடுப்பங்கரையில் அமர்ந்து, அந்தச் ‘சிட்டிகை’ எவ்வளவு என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.