பொன்னியின் செல்வன்: வரலாறும் வாசகர் வழக்கும்

'பொன்னியின் செல்வன்' கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி எழுதிய வரலாற்றுப் புதினம். 1950 முதல் 1954 வரை கல்கி வார இதழில் மணியம் வரைந்த ஓவியங்களுடன் தொடராக வந்தது. புது வெள்ளம், சுழற்காற்று, கொலை வாள், மணிமகுடம், தியாகச் சிகரம் என ஐந்து பாகங்களும் 293 அத்தியாயங்களும் கொண்டது. சுந்தர சோழர் நோயுற்றிருந்த காலத்தில், ஓர் ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையில் தொடங்கி, அடுத்த சில மாதங்களுக்குள் நடந்து முடியும் கதை.

இந்நாவலைப் பற்றித் தமிழ் வாசகர்கள் தொடக்கம் முதலே ஒரே கருத்தில் இருந்ததில்லை. சோழ வரலாற்றின் மீது பற்று ஏற்படுத்திய நூல் என்று ஒரு சாரார் போற்றுவர். கற்பனையை வரலாறாக நம்பவைத்த நூல் என்று மற்றொரு சாரார் குறைகூறுவர். வார இதழின் தேவைக்காக நீட்டப்பட்ட கதை என்பது மூன்றாம் தரப்பின் கருத்து. இவற்றுள் நாவலின் இலக்கியத் தரம் பற்றிய விவாதம் சுவை சார்ந்தது, அது முடிவுறாது. வரலாறு பற்றிய விவாதத்தைச் சான்றுகளைக் கொண்டு ஓரளவு தெளிவாக்கலாம். அதன் மையத்தில் இருப்பது ஒரு கொலை.

கொலையும் கல்வெட்டும்

சுந்தர சோழரின் மூத்த மகன் ஆதித்த கரிகாலன், பாண்டியன் வீரபாண்டியனின் தலைகொண்டவன் எனக் கல்வெட்டுகளில் புகழப்படுபவன். அவன் கொல்லப்பட்டான் என்பதற்கு நேர்ச் சான்றாக இருப்பது காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் கல்வெட்டு. இது முதலாம் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. சோமன், இரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராசன், பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரமாதிராசன் முதலியோரைக் கொலைத் துரோகிகள் என்று இது பெயர் சொல்லிக் குறிக்கிறது. அவர்களுடையதும் அவர்கள் உறவினருடையதுமான நிலங்கள் அரச ஆணைப்படி கைப்பற்றப்பட்டன. வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபை வழியாக அவ்வாறு வந்த நிலத்தை ஒருவர் விலைக்கு வாங்கி அறச்செயலுக்கு அளித்தார். கல்லில் வெட்டப்பட்டது அந்த அறத்துக்காகவே. கொலைச் செய்தி அதில் இடையே வந்து சேர்ந்த செய்தி.

கொலை எங்கே நடந்தது, ஏன் நடந்தது, யார் தூண்டினார் என்று கல்வெட்டு கூறவில்லை. இந்த மூன்று இடைவெளிகளில்தான் கல்கி தம் நாவலைக் கட்டினார். கடம்பூர் மாளிகை, நந்தினி, பாண்டிய நாட்டு ஆபத்துதவிகளின் பழிவாங்கல் ஆகியவை அவ்வாறு வந்தவை. கொலையாளியைக்கூட அவர் ஐயத்துக்கு இடமின்றிக் காட்டவில்லை. விளக்கணைந்த அறையில் நடப்பதாக எழுதி, பெரிய பழுவேட்டரையர் பழியைத் தாமே ஏற்கும்படி செய்தார். ஐந்து பாகம் படித்தும் விடை கிடைக்கவில்லை என்பது வாசகர் சிலரின் மனக்குறை. சான்று நிற்கும் இடத்தில் கதையும் நின்றது என்பது மற்றவர்களின் மறுமொழி.

உத்தம சோழன் மீதான ஐயம்

நாவலுக்கு முன்பே வரலாற்றறிஞர்களிடையே இந்த விவாதம் இருந்தது. முதலாம் பராந்தகனுக்குப் பின் அரியணை அவன் மகன் கண்டராதித்தனுக்கும், பின்னர்த் தம்பி அரிஞ்சயன் மரபுக்கும் சென்றது. கண்டராதித்தனுக்கும் செம்பியன் மாதேவிக்கும் பிறந்தவன் உத்தம சோழன். ஆதித்தன் மறைந்தபின் அரியணை ஏறியவன் சுந்தர சோழரின் இளைய மகன் அருள்மொழி அல்ல, உத்தமனே. அவன் 985 வரை ஆண்டான். கொலையால் பயனடைந்தவன் அவன் என்பதாலும், நடவடிக்கை பற்றிய செய்தி அவனுக்கு அடுத்து வந்த இராசராசன் காலத்தில்தான் கிடைக்கிறது என்பதாலும் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி அவன் மீது ஐயம் கொண்டார். தி.வை. சதாசிவ பண்டாரத்தார் இதை ஏற்கவில்லை.

உத்தமனைக் காப்பவர்களின் வாதங்கள் புறந்தள்ளத் தக்கவை அல்ல. உடையார்குடிக் கல்வெட்டு பதிவு செய்வது நில விற்பனையை. குற்றவாளிகள் அந்த ஆண்டில்தான் முதன்முதலாகத் தண்டிக்கப்பட்டனர் என்று அது சொல்லவில்லை. அண்ணனைக் கொன்றவனின் பெயரை யாரும் தம் பிள்ளைக்கு வைக்கமாட்டார்கள். ஆனால் இராசராசனின் மகன் இராசேந்திரனின் இயற்பெயர், உத்தமனுக்கும் உரிய மதுராந்தகன் என்பதே. உத்தமனின் மகன் மதுராந்தகன் கண்டராதித்தன் இராசராசனின் ஆட்சியில் கோயில் காரியங்களை ஆராயும் பொறுப்பில் இருந்தான். செம்பியன் மாதேவியும் இறுதிவரை மதிப்புடன் விளங்கினார்.

மறுபக்கமும் ஒன்றுண்டு. அருள்மொழியை ஆளுமாறு மக்கள் வேண்டியும், சிற்றப்பன் நாட்டை விரும்பும்வரை தான் அதை விரும்புவதில்லை என அவன் விலகியதாகத் திருவாலங்காட்டுச் செப்பேடு கூறுகிறது. 'தியாகச் சிகரம்' என்ற பாகத்துக்கு வேர் இதுவே. ஆனால் அச்செப்பேடு இராசேந்திரனால் வெளியிடப்பட்டது. தந்தையின் பெருமையை மகன் கூறும் ஆவணம் அது. அதில் உள்ள விலகல் தியாகமா, வேறு வழியின்மையா என்பதை அதை மட்டும் கொண்டு துணிய இயலாது.

கல்கி கண்ட வழி

சிக்கலைக் கல்கி தீர்த்த முறை வாசகரை மிகவும் பிரித்தது. நாவலில் அரியணைக்கு ஆசைப்படும் மதுராந்தகன் செம்பியன் மாதேவியின் மகன் அல்லன், நந்தினியுடன் பிறந்தவன். உண்மையான மகன், பூக்கட்டித் திருத்தொண்டு செய்யும் சேந்தன் அமுதன். அவனே உத்தம சோழனாக முடிசூடுகிறான். பேராசை பிடித்த மதுராந்தகன் பாண்டியர் பக்கம் போய்விடுகிறான்.

இது எளிதில் நம்பமுடியாத ஆள்மாறாட்டம் என்பது எதிர்ப்பாளர் கருத்து. இதற்கு எந்தச் சான்றும் கிடையாது என்பதும் உண்மை. எனினும் இதன் விளைவைக் கவனிக்க வேண்டும். பெயரளவில் வரலாற்று உத்தமனைக் கல்கி கொலைப்பழியிலிருந்து முற்றிலும் விடுவித்துவிட்டார். அரியணை வெறியன் என்ற உருவத்தை ஒரு கற்பனைப் பாத்திரத்தின் மேல் ஏற்றினார். மணிரத்னம் இயக்கி 2022, 2023 ஆண்டுகளில் வெளிவந்த திரைப்படங்களில் இந்த ஆள்மாறாட்டம் இல்லை. அங்கே ஆசைப்பட்ட மதுராந்தகனே அரசனாகிறான்.

இன்னொரு குறை இதைவிடக் கனமானது. கல்வெட்டில் வருவோர் பிரமாதிராசன் என்ற உயர் பட்டம் பெற்ற பிராமண அதிகாரிகள். நாவலின் ரவிதாஸனோ காட்டிலும் பள்ளிப்படையிலும் திரியும் மந்திரவாதி. அரச நிர்வாகத்துக்குள்ளேயே இருந்தவர்களை வெளியிலிருந்து வந்த சதிகாரர்களாகக் காட்டியதால், சோழ அரசின் உட்பூசல் என்னும் வாய்ப்பு வாசகர் கண்ணிலிருந்து மறைந்தது. 'பஞ்சவன்' என்பது பாண்டியனைக் குறிக்கும் சொல் என்பதைக் காட்டிக் கல்கியின் பாண்டியத் தொடர்பை ஆதரிப்போரும் உள்ளனர். ஆனால் ஒரு பட்டப்பெயர் மட்டும் அதற்குப் போதாது; பகைநாட்டை வென்ற அரசர்களும் அத்தகைய பெயர்களை வழங்கியுள்ளனர்.

கதையும் சான்றும்

நாவலின் பாத்திரங்களை மூன்று வகையாகப் பிரித்துப் படிப்பது நல்லது. சுந்தர சோழர், ஆதித்தன், அருள்மொழி, குந்தவை, செம்பியன் மாதேவி, அன்பில் அநிருத்தர் ஆகியோர் ஆவணங்களில் உள்ளவர்கள். பழுவேட்டரையர் மரபும் கல்வெட்டுகளில் உள்ளது. ஆனால் நாவல் காட்டும் குணங்கள் கல்கி தந்தவை. வந்தியத்தேவன் இடைப்பட்டவன். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு குந்தவையின் கணவர் என்று வல்லவரையர் வந்தியத்தேவரைச் சுட்டுகிறது. அவர் பெயரும் பதவியும் போக, அந்தக் குறும்பும் துணிச்சலும் முழுக்க எழுத்தாளருடையவை. நந்தினி, பூங்குழலி, ஆழ்வார்க்கடியான், சேந்தன் அமுதன் ஆகியோர் கற்பனை.

கதை முடிந்தபோது பாத்திரங்கள் பின்னர் என்ன ஆயினர் என்று வாசகர்கள் கேட்டெழுதினர். கல்கி முடிவுரையில் அவற்றுக்கு விடை கூறினார். விக்கிரமனின் 'நந்திபுரத்து நாயகி' கதையைத் தொடர்ந்தது. பாலகுமாரனின் 'உடையார்' இராசராசனின் காலத்தை வேறு கோணத்தில் எடுத்துக்கொண்டது.

உடையார்குடி என்ற பெயரைத் தமிழர் பலர் அறிந்தது இந்நாவலால்தான். இது அதன் ஆதரவாளர் தரப்பின் வலுவான வாதம். அந்தக் கல்வெட்டில் இல்லாதவற்றையும் அதே வாசகர்கள் உண்மை என்று நம்புவது எதிர்ப்பாளர் தரப்பின் வலுவான வாதம். இரண்டும் ஒரே நூலின் விளைவுகள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இறந்த உத்தம சோழன் தன் தரப்பைச் சொல்ல வர இயலாது. அவனைக் குற்றவாளி என்றோ குற்றமற்றவன் என்றோ தீர்ப்புக் கூறுபவர், தாம் அதை எங்கே படித்தோம் என்று ஒருமுறை நினைத்துப் பார்ப்பது முறையாகும். கதையில் படித்திருந்தால், அடுத்துப் படிக்க வேண்டியது கல்வெட்டு.