கோணேசர் கல்வெட்டிலிருந்து கணினிப் பதிவேடு வரை

மூதூரைப் பழைய ஆவணங்கள் கொட்டியாரம் என்றே குறிக்கின்றன. 1660இல் ரொபர்ட் நொக்ஸ் கண்டி மன்னனின் ஆட்களிடம் சிக்கியது இந்தக் கரையிலேதான். அதை எல்லோரும் எழுதிவிட்டார்கள். நான் சொல்ல வருவது, அதிகம் பேசப்படாத ஏடுகளைப் பற்றி.

இன்னார் இன்ன பணி செய்யவேண்டும், அவருக்கு இன்ன உரித்து உண்டு என்று எழுதிவைக்கும் வழக்கம் திருகோணமலைப் பகுதிக்குப் புதிதன்று. 'கோணேசர் கல்வெட்டு' தானத்தார், வரிப்பத்தார் என்று கோயிற் தொழும்பாளரை வகுத்து, அவரவர் கடமைகளைக் கூறுகின்றது. (பெயரில்தான் கல்வெட்டு; உண்மையில் அது ஒரு நூல்.) பின்னர் வந்த ஒல்லாந்தர், தாம் ஆண்ட யாழ்ப்பாணத்திலும் தென்மேற்குக் கரையிலும் நிலத்தையும் குடும்பங்களையும் தோம்புகளில் பதிந்தனர்.

ஆனால் கல்வெட்டு எழுதியது குடியை, ஆளை அன்று. ஒருவர் மறைந்தால் அவர் வழிவந்தவர் அந்த இடத்தில் நிற்பார், ஏட்டைத் திருத்த வேண்டியதில்லை. இன்றைய உள்ளூராட்சி மன்றமோ ஆளை எழுதுகின்றது. அவரது நியமனத் திகதி, சம்பள ஏற்றம், விடுமுறை, ஓய்வூதியம் யாவும் ஒரு சுயவிபரக் கோவையில் தங்கியிருக்கின்றன. மனிதவளத் தகவல் முறைமை என்று இப்போது சொல்லப்படுவது அந்தக் கோவையைக் கணினியில் ஏற்றுவதுதான். கோவை குறையுடையதாயின் கணினியும் குறையுடையதே.

1970களில் கிராம சபையொன்றிற் சேர்ந்த ஊழியரை எண்ணிப் பாருங்கள். 1980ஆம் ஆண்டுச் சட்டத்தால் மாவட்ட அபிவிருத்திச் சபை வந்தது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் பிரதேச சபை வந்தது. மேலே வடகிழக்கு மாகாண சபை இருந்தது; 2007 ஜனவரி முதல் கிழக்கு மாகாணம் தனியாயிற்று. மனிதர் ஒருவரே, தலைமை மட்டும் மாறிக்கொண்டேயிருந்தது. கணினிப் படிவத்தில் 'தொழில் தருநர்' என்று ஒரேயொரு கட்டம் இருந்தால் அவர் எதை எழுதுவார்?

பெயரும் இலேசான விடயமன்று. தகப்பன் பெயரை முன்னே வைக்கும் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் குடும்பப்பெயர்க் கட்டம் பொருந்துவதில்லை. பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்துக்கூட்டு, சம்பளப் பட்டியலில் ஆங்கிலத்தில் வேறொன்று. பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்டு வைத்தவற்றை யுனிகோட்டில் தேடினால் அகப்படாது. அடையாள அட்டை இலக்கமாவது உதவும் என்றால், ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்துமாக இருந்தது 2016 முதல் பன்னிரண்டு இலக்கமாயிற்று. ஒரே ஆள் இருவராகப் பதியப்பட இதுவே போதும்.

இவையெல்லாம் திருத்தக்கூடியவை. எனக்குக் கவலை தருவோர் அமைய ஊழியர்கள். குப்பை அள்ளுவோருக்கும் வடிகான் துப்புரவு செய்வோருக்கும் பல வேளைகளில் வரவுப் பதிவேடும் சம்பளத் தாளுமே சாட்சி. 2004 டிசம்பரில் கடல் புகுந்த கரை இது. 2006 ஆகஸ்டில் போர் மூண்டபோது மூதூர் மக்கள் கந்தளாய்க்கு ஓடினர். அந்நாட்களிலேயே தொண்டு நிறுவனப் பணியாளர் 17 பேர் இங்கு சுட்டுக் கொல்லப்பட்டனர். உயிரைக் காக்க ஓடியவர் எவரும் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கமாட்டார். தாள் தொலைந்த ஊழியர் கணினியில் இல்லாதவர். இல்லாதவருக்கு நிரந்தர நியமனமும் இல்லை.

ஆகவே தரவை ஏற்றுமுன் ஒவ்வொருவரின் விபரத்தையும் அவரது மொழியில் அச்சிட்டு, அவர் கையில் கொடுத்துச் சரிபார்க்க வேண்டும். தாள் இல்லாதவருக்கு உடன் பணிபுரிந்தோரின் சத்தியக்கடதாசியை ஏற்க வேண்டும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உள்ளூராட்சி மன்றங்களையும் கட்டுப்படுத்துகின்றது. தம்மைப் பற்றி என்ன எழுதப்பட்டிருக்கின்றது என்று ஊழியர் எழுத்தில் கேட்கலாம்.