பலாலி விமானத் தளமும் அயலூர் மக்களும்

கடல்வழியாயினும் வான்வழியாயினும், ஒரு நாட்டின் வாயில் எல்லோர்க்கும் பொதுவானது. ஆயின், அவ்வாயில் அமைதற்கு நிலம் கொடுப்போர் சிலரே. பயன் பலர்க்கும் இழப்புச் சிலர்க்குமாய் அமையும் இந்நிலையில் நீதி யாது என்பதே, யாழ்ப்பாணத்துப் பலாலியின் வரலாறு எழுப்பும் வினாவாகும்.

யாழ்ப்பாண நாட்டார் வாயில்களுக்குப் புதியவரல்லர். பண்ணைக் கடலைக் கடந்து சென்றால் எதிர்ப்படும் அல்லைப்பிட்டியில் 1977 ஆம் ஆண்டு நிகழ்ந்த அகழ்வாய்வு, சுமார் 900 ஆண்டுகளுக்கு முற்பட்ட சீனத்துச் சொங் காலத்து மட்பாண்டங்களை வெளிப்படுத்தியது. 2018 இல் சீன ஆய்வாளரும் அவ்வூரில் அகழ்ந்தனர். பாய்க்கப்பல்கள் வந்துபோன அக்காலத்தில், துறைக்கு ஒதுக்கமான ஒரு கரையே போதியதாயிருந்தது. வானூர்தியின் துறையோ அத்தகையதன்று. நீண்டு நேராய் அமைந்த ஓடுபாதையும், அதன் இரு முனைகளிலும் தடையற்ற வெளியும் அதற்கு வேண்டும். பாதை நீளுந்தோறும் அயலிலுள்ள வீடும் கிணறும் பனையும் விலக வேண்டியனவாகின்றன.

யாழ் நகருக்கு வடக்கே சுமார் 16 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பலாலியில், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரித்தானிய வான்படையினர் விமானத் தளமொன்றை அமைத்தனர். போர் முடிந்தபின் அத்தளம் குடிமக்கள் பயணத்திற்கு உதவிற்று. 1947 டிசம்பர் 10 ஆம் நாள் ‘எயர் சிலோன்’ நிறுவனத்தின் முதற் பறப்பு, இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குச் சென்றது. காங்கேசன்துறை என அன்று குறிக்கப்பெற்ற இறங்குதளம் இப்பலாலியே.

இத்தளத்தைச் சூழ்ந்து கிடப்பன பலாலி, மயிலிட்டி, வயாவிளான், கட்டுவன், குரும்பசிட்டி முதலிய வலிகாமத்து ஊர்கள். ‘ஈழகேசரி’ இதழை 1930 இல் தொடங்கிய நா. பொன்னையா அவர்கள் குரும்பசிட்டி மண்ணுக்குரியவர். மயிலிட்டி பேர்பெற்ற மீன்பிடித் துறை. உள்நிலமோ சுண்ணக்கல்லின்மேற் படர்ந்த செம்மண். கிணற்று நீரை இறைத்துப் புகையிலையும் வெங்காயமும் வாழையும் விளைவித்த தோட்டநிலம்.

இங்கு காணி என்பது விலைப்பொருள் மாத்திரமன்று. ஒல்லாந்தர் காலத்தில் 1707 இல் தொகுத்து முடிக்கப்பெற்ற தேசவழமை முதுசம், சீதனம், தேடியதேட்டம் எனச் சொத்தை வகுத்துரைக்கின்றது. மகளுக்குச் சீதனமாய்ச் செல்லும் பரப்புக் காணியில் ஒரு குடும்பத்தின் அடுத்த தலைமுறை வேரூன்றுகின்றது. ஒரு கிணற்றின் நீரைப் பங்குமுறையிற் பலர் இறைப்பதும் வழக்கம். ஆதலின் எல்லைக்கோடு கிணற்றை உள்ளடக்கித் தோட்டத்தை வெளியே விடுமாயின், காணி எஞ்சியும் பயிர் எஞ்சாது. இத்தகைய இழப்பைப் பரப்பளவு கொண்டு மாத்திரம் கணக்கிடல் இயலாது.

1990 இல் போர் மூண்டபோது இவ்வூர் மக்கள் பெயர்ந்தனர். தளத்தைச் சூழ்ந்த பெரும் நிலப்பரப்பு உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. மல்லாகம், சுன்னாகம் முதலிய இடங்களின் முகாம்களில், சொந்த ஊருக்குச் சில மைல் தொலைவிலேயே, பிள்ளைகள் பிறந்து வளர்ந்து பெரியவராயினர். 2009 இல் போர் ஓய்ந்த பின்னரும் வழி திறந்திலது. 2013 ஏப்ரலில், 1950 ஆம் ஆண்டின் காணி எடுத்தற் சட்டத்தின்கீழ், 6,381 ஏக்கர் நிலத்தை இராணுவத் தேவைக்காக எடுக்கும் அறிவித்தல் வெளிவந்தது. காணி உரிமையாளர் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மேன்முறையீட்டு நீதிமன்றத்தை நாடினர். 2015 முதல் நிலங்கள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டன. மயிலிட்டித் துறை 2017 யூலையில் மக்களிடம் மீண்டது.

2019 ஒக்டோபர் 17 ஆம் நாள் பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாய்த் திறந்துவைக்கப்பட்டது. கொள்ளைநோய்க் காலத்தில் 2020 இல் நின்ற சென்னைச் சேவை, 2022 டிசம்பரில் மீளத் தொடங்கிற்று. இதனால் விளையும் நன்மையை எவரும் மறுப்பாரல்லர். பிறநாடுகளிற் பிள்ளைகளை உடைய தீவகத்துப் பெற்றோர்க்கு இவ்வாயில் பெரும் பேறு. ஆயினும் அல்லைப்பிட்டி மக்களும் 1990 இலும் 2006 இலும் ஊர்விட்டுப் பெயர்ந்தவரே. வீடிழந்தோர் துயரம் அவர்க்குச் சொல்லித் தெரியவேண்டுவதன்று.

விரிவாக்கம் என்னும் சொல் வலிகாம வடக்கில் அச்சமூட்டுவது இதனாலேயே. ஒரு தலைமுறை காத்திருந்து பெற்ற காணி மீண்டும் கைநழுவுமோ என்பதே அவர்தம் கவலை. வயாவிளான் சந்தியிலிருந்து பலாலிக்குச் செல்லும் வீதி 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டபோதும், பகலில் மட்டுமே செல்லலாம், இடையில் வாகனத்தை நிறுத்தலாகாது, நடந்து செல்லலாகாது என்னும் விதிகளுடனேயே திறக்கப்பட்டது. தம் காணியைக் கடந்து செல்வோர் அதிற் காலூன்ற இயலாத நிலையில், விமானத்திற்கு எவ்வளவு நிலம், படைக்கு எவ்வளவு நிலம் எனப் பிரித்துக் கேட்பது முறையான கேள்வியே.

பிறநாட்டு வரலாறும் இங்குக் கருதத்தக்கது. யப்பான் அரசு 1966 இல் நரிட்டாவில் விமான நிலையம் அமைக்க முடிவுசெய்தபோது, அங்குள்ள உழவரைக் கலந்து பேசவில்லை. உயிர்ச்சேதம் விளைந்த நெடும் போராட்டத்தின் பின்னரே, 1978 இல் அந்நிலையம் திறக்கப்பட்டது. 1990 களில் அரசு தன் செயலுக்கு வருத்தந் தெரிவித்து, வலிந்து நிலமெடுப்பதைக் கைவிட்டது. தமிழ்நாட்டிற் காஞ்சிபுரத்தை அடுத்த பரந்தூரில் 2022 இல் விமான நிலையம் அறிவிக்கப்பட்டதும், ஏகனாபுரம் மக்கள் வயலும் ஏரியும் அழியுமென எதிர்த்துக் கிராம சபையிலே தீர்மானங்கள் நிறைவேற்றினர்.

இவற்றால் அறியப்படுவது ஒன்று. முன்னரே கேளாது எடுத்த நிலம், பின்னர்ப் பல்லாண்டுப் பிணக்காய் விளைகின்றது. பொதுநோக்கு இன்னதென வெளிப்படையாய்க் கூறுதல், தேவையின் அளவை வரைந்து காட்டுதல், ஆட்சேபத்தைச் செவிமடுத்தல், தேவைக்கு மேற்பட்டதை உரியவரிடம் ஒப்படைத்தல் என்னும் இந்நான்கும் பலாலிக்கு இன்றியமையாதன. விமானம் ஏறுவோர் தம் பயணத்தைச் சில நாழிகையில் முடித்துக்கொள்வர். வாயிலருகே வாழ்வோர்க்கோ அதுவே வாழ்நாள் முழுதும் உள்ள அயல். அவர்களது சம்மதத்தோடு நீளும் பாதையே நிலைத்த பாதையாகும்.