நூல்களுக்கு நீதி செய்த வணிகர்

மதரஸாவில் அரபு இலக்கணம் கற்கத் தொடங்கும் சிறுவனுக்கு முதன்முதலாகச் சொல்லித் தரப்படுவது ஒரு பாகுபாடே. சொல் மூவகைப்படும்: இஸ்மு, ஃபிஃலு, ஹர்ஃபு. அச்சிறுவன் வளர்ந்து அகராதிகளைப் புரட்டும்போது, அநீதியைக் குறிக்கும் ‘ளுல்மு’ என்னும் சொல்லுக்கு மொழி வல்லார் தந்த விளக்கத்தைக் காண்கிறான்: ஒரு பொருளை அதற்கு உரியதல்லாத இடத்தில் வைத்தல். அங்ஙனமாயின், ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் வைப்பது நீதியன்றோ?

இந்த நீதியை நூல்களுக்குச் செய்தவர் பக்தாத் நகரத்து அபுல் ஃபரஜ் முஹம்மது இப்னு இஸ்ஹாக். இப்னுந் நதீம் என வரலாறு அவரை அழைக்கிறது. நூல்களைப் படியெடுத்து விற்கும் ‘வர்ராக்’ தொழில் அவருடையது.

அவருக்கு முன்பே தத்துவ மேதை அல் ஃபாராபீ (இறப்பு ஹிஜ்ரி 339, கி.பி. 950) ‘இஹ்ஸாஉல் உலூம்’ என்னும் நூலில் அறிவுத் துறைகளை ஐந்து இயல்களில் வகுத்திருந்தார். மொழி, தர்க்கம், கணிதம், இயற்கையியலும் இறையியலும், அரசியலுடன் ஃபிக்ஹும் கலாமும் என்பது அவர் வகுத்த முறை. ஃபாராபீ அறிவை வகுத்தார்; இப்னுந் நதீமோ கையில் எடுத்துப் பார்த்த நூல்களை வகுத்தார்.

ஹிஜ்ரி 377இல் (கி.பி. 987) அவர் தொகுத்த ‘அல் ஃபிஹ்ரிஸ்த்’, அரபு மொழியிலும் எழுத்திலும் கிடைத்த எல்லாச் சமூகத்தார் நூல்களுக்கும் அட்டவணையாகும். அது பத்துப் பகுதிகளை உடையது. மொழிகளும் எழுத்துகளும் வேதங்களும் முதற்பகுதி. இலக்கணம், வரலாறு, கவிதை, கலாம், ஃபிக்ஹும் ஹதீஸும் அடுத்த ஐந்து. ஏழாவது தத்துவமும் கணிதமும் மருத்துவமும், எட்டாவது கதைகளும் மாயவித்தைகளும், ஒன்பதாவது பிற சமயங்கள், பத்தாவது இரசவாதம்.

வணிகரின் நேர்மை அந்நூலில் பளிச்சிடுகிறது. புலவர்களின் கவிதைத் தொகுதி இத்தனை தாள் கொண்டது என்று அவர் குறிப்பிடுவார். தாளின் அளவு வேறுபடுமே! ஆகவே, தாம் கூறுவது ‘சுலைமானீ’ தாள் என்றும், அதில் பக்கத்துக்கு 20 வரிகள் என்றும் வரையறுத்துவிடுகிறார். வாங்குபவர் ஏமாறலாகாது என்ற கவலை அது. செய்தி கிடைக்காத இடங்களில் கற்பனையால் நிரப்பாமல் வெற்றிடம் விட்டார்.

தமக்கு உடன்பாடில்லாத கொள்கையினரின் நூல்களையும் அவர் ஒதுக்கவில்லை. பாரசீகத்தின் மானீ என்பார் நிறுவிய சமயத்தின் நூல்கள் பெரும்பாலும் அழிந்துவிட்டன. இன்று அச்சமயத்தை ஆராய்வோர் நாடும் முதன்மைச் சான்றுகளுள் ஒன்று ஒரு முஸ்லிம் நூல் வணிகரின் ஒன்பதாம் பகுதியே.

பின்னர் நிகழ்ந்ததை நாம் அறிவோம். ஹிஜ்ரி 656இல் (கி.பி. 1258) ஹுலாகுவின் படை பக்தாதைச் சூறையாடியது. அப்படையெடுப்பு மட்டுமா? தீயும், வெள்ளமும், கவனிப்பாரற்ற நிலையும் நூல்களைத் தின்றன. ஃபிஹ்ரிஸ்தில் இடம்பெற்ற நூல்களில் மிகப் பெரும்பாலானவை இன்று இல்லை. பலவற்றின் பெயரேனும் எஞ்சியிருப்பது, ஒருவர் அவற்றை உரிய இடத்தில் எழுதி வைத்ததனால்தான். அந்த அட்டவணை 1871-72இல் லீப்ஸிக் நகரில் அச்சேறியது. 1970இல் ஆங்கிலத்திலும் வந்தது.

இதை எழுதும்போது என் பாட்டனார் வீட்டு மரப்பெட்டி நினைவுக்கு வருகிறது. அதில் அரபுத் தமிழ்க் கிதாபு ஒன்று இருந்தது. முதல் ஏடுகளையும் இறுதி ஏடுகளையும் கறையான் அரித்துவிட்டது. அதன் பெயர் என்ன, ஆசிரியர் யார் என்று சொல்ல வீட்டில் எவரும் இல்லை. பெயரிழந்த நூல், பெற்றோர் பெயர் தெரியாத அநாதையைப் போல் என் கையில் கிடந்தது. அதனை அழித்தவர் ஹுலாகு அல்லர், நாங்களே.

நம் குடும்பங்களில் இத்தகைய பெட்டிகள் இன்னும் உள்ளன. ஒரு குறிப்பேட்டை எடுங்கள். மாலை, கிஸ்ஸா, முனாஜாத்து, ஃபிக்ஹு என வகை பிரியுங்கள். நூலின் பெயர், ஆசிரியர், படியெடுத்தவர், ஹிஜ்ரி ஆண்டு ஆகியவற்றை எழுதுங்கள். தெரியாத இடத்தில், இப்னுந் நதீம் செய்தாற்போல், வெற்றிடம் விடுங்கள். அதை நிரப்ப நாளை உங்கள் பேரப்பிள்ளை ஒருவர் வரக்கூடும்.